மேலமாசி வீதி மாடி வீடு



மதுரை மேலமாசி வீதியின் கடைகளுக்கு நடுவே, 251 என்ற இலக்கமிட்ட மாடி வீடு ஒன்று இருக்கிறது. கீழே கதர்க் கடை; மேலே காந்தியடிகள் தங்கிய இடம். வீதியின் இரைச்சலில் அதை அண்ணாந்தும் பாராமல் எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறேன் என்று ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

1921-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம், சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் வந்துகொண்டிருந்த காந்தியடிகள், அந்நியத் துணி உடுத்தியிருந்த சகபிரயாணிகளிடம் கதர் அணியலாகாதா என்று கேட்டபோது, கதர் வாங்க எங்களுக்கு வசதி ஏது என்று அவர்கள் தலையை ஆட்டிவிட்டார்கள். பிரசங்கத்தையே தொழிலாகக் கொண்ட ஒருவராயிருந்தால், அதற்குத் தக்க சமாதானம் ஒன்றைத் தயாரித்து, மறுநாள் கூட்டத்தில் கைதட்டலும் வாங்கியிருப்பார். இவரோ, சட்டையும் குல்லாயும் முழுநீள வேட்டியுமாகத் தாம் உட்கார்ந்திருக்க, அந்த வார்த்தையில் இருந்த உண்மையை மறுக்கத் தமக்கு என்ன யோக்கியதை என்று எண்ணி, குல்னா பஞ்சத்தின்போதும், பின்னர் வால்டேரில் மௌலானா முகமது அலி கைதானபோதும் மனத்தில் எழுந்து அடங்கிப்போன சங்கல்பத்தை, இந்த மாடியிலே, செப்டம்பர் 22-ஆம் தேதி நிறைவேற்றினார். குல்லாயும் சட்டையும் போயின. இடுப்பில் ஒரு முழத்துண்டே மிஞ்சியது. நெசவும் சாயமும் சுங்குடியுமாக வாழ்ந்த ஊரில் இது நடந்தது என்பதைக் கவனியுங்கள். காரைக்குடிக்குப் புறப்பட்டவரை அந்தக் கோலத்தில் ஜனங்கள் முதன்முதலாகக் கண்ட இடம், காமராஜர் சாலையில் இன்றும் காந்தி பொட்டல் என்றே வழங்குகிறது.

அக்டோபர் 31 வரையிலாவது என்றுதான் அவர் முதலில் கெடு வைத்தார். சக ஊழியர்களும் இப்படியே உடுத்தவேண்டும் என்று அவர் கேட்கவுமில்லை. இந்த இரண்டும் எனக்கு முக்கியமாகத் தோன்றுகின்றன. அவர் சட்டையைக் கழற்றியதால் எந்த ஏழைக்கும் ஒரு முழம் துணி கூடுதலாகக் கிடைத்துவிடவில்லை. ஆனால், கதருக்கு ஏது காசு என்று கேட்டவனுக்கு எதிரே, அவனைவிடக் குறைவாக உடுத்திய ஒருவர் வந்து நின்றுவிட்டார். அதன்பின் அந்தப் பேச்சே வேறாகிவிட்டது.

இதே ஊரில் இன்னொரு சம்பவம். 1934-இல் மதுரைக்கு வந்த காந்தியடிகள், தாழ்த்தப்பட்டவர்களுக்கு அனுமதியில்லாத மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாமும் போவதில்லை என்று விலகி நின்றார். ஐந்து வருஷம் கழித்து, 1939 ஜூலை 8-ஆம் தேதி, ஹரிஜன சேவா சங்கத்தைச் சேர்ந்த வக்கீல் வைத்தியநாதய்யர், பின்னாளில் மந்திரியான மேலூர்ப் பக்கத்துக் கக்கன் உள்ளிட்ட சிலரை அழைத்துக்கொண்டு அக்கோயிலில் பிரவேசித்தார். நிர்வாக அதிகாரி ஆர். எஸ். நாயுடு அவர்களை வரவேற்றார். பட்டர்களில் சிலர் பூஜை செய்ய மறுத்தார்கள், ஊர் இரண்டுபட்டது. பிரவேசித்தவர்களைப் பாதுகாக்க ராஜாஜி சர்க்கார் கொண்டுவந்த சட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. சட்டம் முதலில் வரட்டும், பிறகு திருந்துவோம் என்று காத்திருப்பவர்களுக்கு இந்த வரிசை சற்று அசௌகரியமானது. தம் சொந்த ஜாதியின் கோபத்தைத் தம் வீட்டு வாசலிலேயே ஏற்கத் துணிந்த ஒருவர் முந்திக்கொண்டதால்தான், பின்னால் வந்த சட்டத்துக்குக் காக்க ஒரு காரியம் இருந்தது. காந்தியடிகள் அக்கோயிலுக்குள் சென்றது 1946-இல்.

இவ்வளவும் நகரத்துக் கதை. வைகையின் இருபுறமும் விரிந்து கிடக்கும் கிராமங்களுக்கு இந்தக் காற்று அத்தனை சுலபமாக வீசிவிடவில்லை. உசிலம்பட்டிப் பக்கத்துப் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும், தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது என்ற ஒரே காரணத்தால், 1996 முதல் பத்து ஆண்டுகள் ஊராட்சித் தேர்தல் ஒழுங்காக நடக்கவிடாமல் செய்தார்கள். சட்டம் அங்கே முன்னமே போய்ச் சேர்ந்திருந்தது. அதைத் தம் வீட்டு வாசலில் வரவேற்க ஒரு வைத்தியநாதய்யர்தான் இல்லை. அந்த ஊர்களில் தலைவர் நாற்காலியில் ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டு முறையாக அமர்ந்தது, காந்தியடிகள் மேலமாசி வீதியில் சட்டையைக் கழற்றி எண்பத்தைந்து வருஷங்களுக்குப் பிறகு, 2006-ஆம் ஆண்டில்.