ஊசுட்டேரிக்கு ஒரு வலம்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிவில் எஞ்சினியரைப் பேசக் கூப்பிட்டால் கான்கிரீட்டைப் பற்றித்தான் பேசுவான் என்று பயந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நண்பர்கள் முன்னால் வரலாம். நான் பேசப் போவது சைக்கிளைப் பற்றி. கியர் வைத்த சைக்கிள், தலைக்கவசம், இறுக்கமான சட்டை எதுவும் வேண்டாம். கேரியர் வைத்த பழைய சைக்கிள் போதும். பிரேக் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தச் சாரத்திலிருந்து பத்து கிலோமீட்டர் சுமாருக்கு மேற்கே ஊசுட்டேரி இருக்கிறது. புதுவையில் பிறந்து வளர்ந்தவர்களில் எத்தனை பேர் அதை முழுசாகச் சுற்றி வந்திருக்கிறீர்கள்? படகுத் துறை வரை போய், ஐஸ்கிரீம் சாப்பிட்டு, போட்டோ எடுத்துத் திரும்பியது கணக்கில் சேராது. சுற்றி என்றால் சுற்றி. கை தூக்கியவர்கள் ரொம்பக் குறைவு. அதனால்தான் இந்த விஷயத்தை எடுத்தேன்.

முதலில் வழியைச் சொல்லி விடுகிறேன். காமராஜர் சாலையில் வந்து, ராஜீவ் காந்தி சிலையைத் தாண்டி வழுதாவூர் ரோட்டைப் பிடியுங்கள். மேட்டுப்பாளையம் வரை லாரியும் புகையும்தான். அதைப் பொறுத்துக் கொள்ள வேண்டும். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் அதுவும் குறைவு. குரும்பாபேட்டை தாண்டியதும் காற்று மாறும். அப்புறம் ஏரிக்கரை. ஏரி உங்களுக்கு வலப்பக்கம், சூரியன் முதுகுப் பக்கம். கோயிலைச் சுற்றுகிற மாதிரி வலமாகவே போகிறோம் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

கரையில் அவசரப்படாதீர்கள். ஏழு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான மண்கரை அது. வீராணம் கரையில் குதிரையில் வரும் வந்தியத்தேவனைக் கல்கி அங்கங்கே நிறுத்தி வேடிக்கை பார்க்க விடுகிறார் அல்லவா, அந்த வேகம் போதும். ஐப்பசி கார்த்திகை மழை முடிந்து மார்கழியில் வந்தால் நாமக்கோழிகள் கறுப்புப் புள்ளிகளாகக் கூட்டம் கூட்டமாக மிதக்கும். முக்குளிப்பான் ஓரிடத்தில் மூழ்கி, நாம் பார்க்காத இடத்தில் எழும். நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, அதிர்ஷ்டம் இருந்தால் கூழைக்கடா. பேர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நம்ம ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள், புத்தகத்தில் இல்லாத பேரெல்லாம் சொல்வார்கள்.

கரை முடிந்து பத்துக்கண்ணுப் பக்கம் ஒரு டீ. அங்கிருந்து வடக்கே திரும்பித் தொண்டமாநத்தம் வழியாகச் சேதராப்பட்டு. இந்த இடத்தில் பலர் கேட்பார்கள், "ஏரியைச் சுற்றுகிறோம்னு சொன்னீங்க, ஏரியையே காணோமே?" அது நியாயமான கேள்வி. பதிலைப் பின்னால் சொல்கிறேன். சேதராப்பட்டு தொழிற்பேட்டையைத் தாண்டிக் கிழக்கே பூத்துறைப் பக்கம் போனால் மண் சிவக்கும். பனைமரம், முந்திரி, மழை அரித்த ஓடைகள், செம்மண் வெட்டிய பள்ளங்கள். அப்படியே கோரிமேட்டுக்கு வந்து ஊருக்குள் இறங்கினால், நிதானமாக மிதித்து, மொத்தம் நாற்பது கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். பதினோரு மணிக்குள் வீடு திரும்புவது நல்லது. அதற்குமேல் கடற்காற்று கிழக்கிலிருந்து நெஞ்சில் அடிக்கும், கால் கெஞ்சும்.

இந்தச் சுற்றில் புதுவையும் தமிழ்நாடும் மாறி மாறி வரும். பிரெஞ்சுக்காரர் காலத்து எல்லைக் கோடு ஊரையும் வயலையும் மட்டுமல்ல, ஏரியையும் குறுக்கே வெட்டிப் போகிறது. எல்லைக் கல்லைத் தேட வேண்டாம், கடைகளின் போர்டைப் பார்த்தாலே எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று நம்ம ஊர்க்காரர்களுக்குத் தெரியும்! பறவைக்கு அது தெரியாது. ஏரி சுமார் 800 ஹெக்டேர். அதில் 390 ஹெக்டேர் புதுவையுடையது, அதை 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். தமிழ்நாடும் தன் பங்கைப் பின்னர் சரணாலயமாக அறிவித்தது.

குறைந்த நேரம் உள்ளவர்களுக்கு இன்னொரு வழி. வில்லியனூர் போய், திருக்காமீசுவரரைக் கும்பிட்டு, கூடப்பாக்கம் வழியாக ஏரிக்கு வந்து வழுதாவூர் ரோட்டில் திரும்பலாம். அந்தக் கோயில் தேருக்குப் பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்த வழக்கத்தை இன்று துணைநிலை ஆளுநர்கள் தொடர்கிறார்கள். அது தனிக் கதை, இன்னொரு கூட்டத்தில் பேசலாம்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். பாதிச் சுற்றில் ஏரி ஏன் கண்ணில் படவில்லை?

ஏரிக்கு ஒரு பக்கம்தான் கரை. நிலம் தெற்கே சரிகிறது, சரிவில் ஓடும் தண்ணீரை மறிக்கத் தாழ்ந்த பக்கத்தில் முன்னோர்கள் மண்ணைக் கொட்டிக் கரை போட்டார்கள். எதிர்ப்பக்கம் கரை கிடையாது. அதற்கு ஏரி உள்வாய் என்று பேர். வடக்கிலும் வடகிழக்கிலும் உள்ள செம்மண் மேட்டில் பெய்யும் மழை அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது. சங்கராபரணித் தண்ணீர் சுத்துக்கேணி வாய்க்காலில் தனியாக வந்து சேர்கிறது.

தம்பிகள் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். ஏரியின் கொள்ளளவு 540 மில்லியன் கன அடி. அதை 800 ஹெக்டேரால் வகுத்தால் சராசரி ஆழம் எவ்வளவு? ஆறேகால் அடி! ஒரு ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேல். கடல் மாதிரி தெரிகிற ஏரி உண்மையில் ஒரு பெரிய தாம்பாளம். ஓர் அடி வண்டல் எங்கும் படிந்தால் ஆறில் ஒரு பங்கு தண்ணீர் போச்சு. தண்ணீர் ஓர் அடி இறங்கினால் உள்வாயில் விளிம்பு வெகுதூரம் பின்வாங்கும். மாசியில் காய்ந்த தரையாகத் தெரிகிற இடம் கார்த்திகையில் ஏரி. நாரைகள் இரை தேடுவதும் பெரும்பாலும் அந்த முழங்காலளவுத் தண்ணீரில்தான். நீங்கள் சைக்கிளில் போகும்போது "ஏரியைக் காணோமே" என்று சொன்ன இடங்களில் சில, ஏரியேதான்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? நம்மில் பலர் ரோடு போடுகிறவர்கள், டிசைன் செய்கிறவர்கள், எஸ்டிமேட் போடுகிறவர்கள். ஏரியைச் சுற்றிச் சிமெண்ட் பாதை, விளக்கு, இருக்கை என்று யார் சொன்னாலும் கேட்க இனிக்கத்தான் செய்யும். சைக்கிள் ஓட்டுகிறவன் நானே வேண்டாம் என்கிறேன். உள்வாயில் பாதை போட வேண்டுமென்றால் மண் கொட்டி மேடாக்க வேண்டும். மேடாக்கினால் அது இன்னொரு கரை. மழைத்தண்ணீர் அதற்கு வெளியே நின்றுவிடும். நாலு குழாய் பதித்தால் போதும் என்பவர்கள், செம்மண்ணைச் சுமந்து வரும் வெள்ளம் அந்தக் குழாயை எத்தனை வருஷத்தில் அடைக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லட்டும். பாதைக்கு வெளியே மிஞ்சிய நிலம் "ஏரி இல்லை" என்று ஆகி, அடுத்த வருஷம் மனைக்கல் முளைக்கும். தெற்கே மண்கரையும் அப்படித்தான். மேலே மூடிவிட்டால் விரிசலும் சரிவும் கசிவும் கண்ணில் படாது. கரையைக் காப்பது முதலில் அதைப் பார்த்துக் கொண்டே இருப்பதுதான். ராத்திரி விளக்கு பறவைகளுக்கு வேறு தொல்லை.

வெளிநாட்டில் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. இங்கிலாந்தில் ரட்லண்ட் வாட்டர் என்று 1970-களில் கட்டிய நீர்த்தேக்கம். முழுச் சுற்று 37 கிலோமீட்டர் வரும், குடும்பம் குடும்பமாக சைக்கிளில் போகிறார்கள். ஆனால் அது ஆழமான அணைக்கட்டு. அங்கேயும் மேற்கு முனையைப் பறவைகளுக்கென்று விட்டுவிட்டு, சைக்கிள் பாதையைத் தள்ளித்தான் வைத்திருக்கிறார்கள். பாதை எல்லா இடத்திலும் தண்ணீரைத் தொட்டுக்கொண்டே போக வேண்டும் என்று அவர்களும் பிடிவாதம் பிடிக்கவில்லை. நமக்கு ஊர்களை இணைக்கும் ரோடுகள் ஏற்கனவே இருக்கின்றன. குழி அடைத்து, ஊர்ப் பெயர்ப் பலகை வைத்து, மேட்டுப்பாளையத்தில் சைக்கிளுக்கு ஓர் ஓரம் ஒதுக்கினால் அதுவே பாதை. செலவும் குறைவு.

புதுவை நகரத்துக் குடிநீர் முழுக்க நிலத்தடி நீரை நம்பியது. கடலோரத்தில் போர் போட்டவர்களுக்கு உப்புத் தண்ணீர் என்றால் என்ன என்று தெரியும். மேற்கே அந்த ஆறேகால் அடித் தண்ணீர் தேங்கி மண்ணுக்குள் இறங்குகிறது. சாரத்தில் குழாயைத் திறக்கிற நமக்கும் அதில் சம்பந்தம் உண்டு.

கேட்டது போதும், பார்க்க வாருங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு இதே மண்டப வாசலில் நிற்கிறேன். சைக்கிள் இல்லாதவர்கள் முதல் நாளே ஊருக்குள் வாடகைக்கு எடுத்துக் கொள்ளுங்கள். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், காலி பாட்டிலைத் திரும்பக் கொண்டு வர ஒரு பை. பறவை பக்கத்தில் மணி அடிக்கக் கூடாது, செல்போன் பாட்டு கூடாது. பம்பும் பஞ்சர் ஒட்டும் சாமானும் நான் கொண்டு வருகிறேன். பத்துக்கண்ணு டீக்கு மட்டும் சங்கத்துப் பொருளாளர் அண்ணன் பொறுப்பு. அவர் இன்னும் சம்மதிக்கவில்லை, நீங்கள் எல்லோரும் கைதட்டினால் சம்மதிப்பார் என்று நினைக்கிறேன்.