கூச்சப்படாமல் சொல்லுங்கள்

(தம்பதியர் கூட்டத்தில் ஒரு செவிலியர் ஆற்றிய உரை)



நான் பிரசவ வார்டில் வேலை பார்க்கும் நர்ஸ். பிள்ளை பெற்ற பெண் ஆஸ்பத்திரியில் தவிக்கும்போது அவளுக்காக யார் வாய் திறப்பது? இதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில் நடந்தது இது. ஒரு பெண்ணுக்கு இரண்டாவது பிரசவம். சுகப்பிரசவம்தான். வெளியே அவள் வீட்டுக்காரர் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார். சிறிது நேரம் கழித்து அவள் கட்டிலருகே போனேன். முகம் வெளுத்திருந்தது. நெற்றியெல்லாம் வேர்வை.

"என்னம்மா செய்யுது?" என்றேன்.

"ஒண்ணுமில்லே சிஸ்டர்" என்றாள்.

கையைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. போர்வையை விலக்கிப் பார்த்தால் துணியும் விரிப்பும் இரத்தத்தில் நனைந்து கிடந்தன.

"ஏம்மா கூப்பிடலே?"

"வலியிலே கத்தினப்போ ஒரு சிஸ்டர் திட்டினாங்க. மறுபடியும் கூப்பிட்டா கோவிச்சுக்குவாங்கன்னு பயந்துட்டேன்."

பக்கத்திலிருந்த மாமியார், "பிள்ளை பெத்தவளுக்கு ரத்தம் போகத்தானே செய்யும்!" என்றார்.

பிரசவமானதும் கர்ப்பப்பை சுருங்கிக் கெட்டியாக வேண்டும். இவளுக்குத் துவண்டு கிடந்தது. அடிவயிற்றைத் தேய்த்துவிட்டபடியே ஊசி மருந்துக்குக் குரல் கொடுத்தேன். டாக்டர் வேறொரு பிரசவத்தில் இருந்தார். "கொஞ்சம் பொறுங்கள்" என்று பதில் வந்தது. "பொறுக்க முடியாது டாக்டர், இப்பவே வாங்க" என்று மறுபடியும் ஆள் அனுப்பினேன். ஓடி வந்தார். கர்ப்பத்திலேயே அவளுக்கு இரத்தம் 8 கிராம்தான் இருந்தது. 2 பாட்டில் ஏற்றினோம். விடியும் வரை என் கையை அவள் விடவில்லை. பிழைத்துக்கொண்டாள்.

அவளைத் திட்டியது எங்களில் ஒருவர்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு கடுஞ்சொல் அவள் வாயை அடைத்துவிட்டதே! ஊசி போடுவது மட்டுமல்ல, முகம் பார்த்து அன்பாகக் கேட்பதும் எங்கள் வேலைதான். ஆனால் உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது.

பிரசவமான முதல் 24 மணி நேரம் கவனமாக இருக்க வேண்டும். அதிலும் முதல் 2 மணி நேரம் கண்ணை எடுக்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் துணி முழுக்க நனைந்தாலோ, மயக்கம், மூச்சு வாங்கல், கடுமையான தலைவலி, கண் மங்கல், வலிப்பு கண்டாலோ உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். குளிர் காய்ச்சல், கெட்ட வாடை இருந்தாலும் சொல்லுங்கள். "அவளுக்கு முடியலே" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. "இத்தனை மணியிலிருந்து இப்படி இருக்கு, இத்தனை துணி மாத்திட்டோம்" என்று கணக்காகச் சொல்லுங்கள். ஒரு தடவை கவனிக்காவிட்டால் மறுபடியும் சொல்லுங்கள். சண்டை வேண்டாம், விடவும் வேண்டாம்.

பிரசவ அறையில் உறவுக்காரப் பெண் ஒருத்தி துணைக்கு இருக்கலாம் என்று 2016-இல் இந்திய அரசு அறிவித்தது. நம் தமிழ்நாட்டில் அதற்கு முன்பே இந்த வழக்கம் வந்துவிட்டது. விவரம் தெரிந்த, பயப்படாத ஒருத்தியை அனுப்புங்கள்.

கணவன்மார்களே! கர்ப்பிணிக்கு இரத்தம் 11 கிராமுக்குக் குறையக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரையை அவள் தினமும் சாப்பிடுகிறாளா என்று பாருங்கள். டீயோடு விழுங்க வேண்டாம். இரத்தம் கொடுக்க உறவில் இரண்டு பேரை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தாய் சேய் நல அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். சுகப்பிரசவம் என்றாலும் 48 மணி நேரமாவது ஆஸ்பத்திரியில் இருக்கட்டும். வீட்டுக்கு வந்த பிறகு இரத்தப்போக்கு அதிகமானால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இழந்த இரத்தம் ஊற நாளாகும். அடுத்த பிள்ளைக்கு 3 வருஷமாவது இடைவெளி விடுங்கள். அதற்கு என்ன முறை என்பதை நர்ஸிடம் கேட்டு, இருவரும் கலந்து முடிவெடுங்கள். அவள் சம்மதம் இல்லாமல் எதுவும் வேண்டாம்.

அன்றைக்குப் பிறந்த பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அவன் அம்மாதான் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறாள். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் அந்தக் கை வேண்டும். ஆகவே கூச்சப்படாதீர்கள், பயப்படாதீர்கள், சொல்லுங்கள்.