உடைந்த பசுமையும் உயிர்க்காற்றும்



திருத்தணிக்கு அருகிலுள்ள கே.ஜி.கண்டிகையில் ஒருநாள் நண்பகலில் ஒரு குட்டையின் கரையில் நின்றேன். பச்சைப் பட்டு விரித்தாற்போல் பாசி படர்ந்திருந்தது. அதன் இழைகளினின்று முத்துப்போன்ற குமிழிகள் எழுந்தவண்ணம் இருந்தன. அவை பிராணவாயு, கதிரவன் ஒளியால் பாசி ஆற்றும் ஒளிச்சேர்க்கையின் விளைவு.

இப்பாசியை அம்மியில் இட்டு அரைத்துவிட்டால், அந்தச் சாறும் குமிழி விடுமோ என்று எண்ணினேன். விளையாட்டான வினா அன்று இது. விடாது எனின், ஒளிச்சேர்க்கை முழு உயிரணுவுக்கே உரிய மறைபொருள். விடும் எனின், அது இரசாயனம். பகுதி பகுதியாகப் பிரித்து அறியலாம்.

ஆஸ்திரிய அறிஞர் மோலிஷ், உலர்ந்த இலைத் தூளும் ஒளியில் சிறிது பிராணவாயு தருவதை 1925-இல் காட்டினார். பிராணவாயு கிட்டினால் மட்டுமே மின்னும் நுண்ணுயிர்களே அவருக்குச் சாட்சி. இவர் 1928-இல் கல்கத்தாவிலுள்ள போஸ் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து பணியாற்றியவர்.

1937-இல் கேம்பிரிட்ஜில் இராபர்ட் ஹில், இலைகளை அரைத்துப் பசுங்கணிகங்களைத் தனியே எடுத்தார். ஓர் இரும்பு உப்பைச் சேர்த்து ஒளியில் வைத்தார், பிராணவாயு வெளிப்பட்டது! ஆயினும் கரியமிலவாயு சர்க்கரையாக மாறவில்லை. கரியமிலவாயு பங்கு கொள்ளாமலே பிராணவாயு பிறந்தது எனின், அதன் தாய் நீரே ஆதல் வேண்டும் அன்றோ? கனமான பிராணவாயு அணுக்கள் கொண்ட நீரைக் குளோரெல்லா என்னும் பாசிக்கு அளித்து, 1941-இல் ரூபனும் காமனும் இதற்கு வலுவான சான்று தந்தனர்.

எஞ்சிய பாதியை 1954-இல் ஆர்னான் குழுவினர் காட்டினர். பசலைக் கீரையினின்று பிரித்த பசுங்கணிகங்கள், உயிரணுவின் துணையின்றியே கரியமிலவாயுவை உணவாக்கின. ஆயினும் மிக மெதுவாகவே. அவர்கள் பாசியை விடுத்துக் கீரையை நாடியதற்குக் காரணம் உண்டு. குளோரெல்லா போன்ற பாசிகளின் சுவர் வலியது. அதனை உடைக்கும் விசையில் உள்ளிருக்கும் பசுங்கணிகமும் சிதைந்துவிடும்.

இனி என் அம்மி வினாவுக்கு வருவோம். வெறுமனே அரைத்த சாறு குமிழி விடாது. ஆனால் குளிர்ந்த சர்க்கரைக் கரைசலில் பதமாக அரைத்த கீரைச் சாற்றில் தக்க நீலச் சாயம் கலந்து ஒளியில் வையுங்கள், நீலம் மறையும். ஹில்லின் இரும்பு உப்பு செய்த வேலையை அங்கே சாயம் செய்கிறது. இன்றும் கல்லூரிகளில் செய்யப்படும் சோதனை இது. நீரைப் பிளக்கும் ஆற்றல் உடைந்த துண்டிலும் உண்டு. மீண்டும் தன்னையே படைத்துக்கொள்ளும் ஆற்றலோ முழு உயிரணுவுக்கே உரியது.

குட்டைப் பாசியை இனி நாம் வெறும் அழுக்கு என்று தள்ளிவிட முடியுமா?