ஒற்றைக் கால் வீங்கினால்
(தோட்ட மக்களுக்கான உரை)



விடியற்காலையில் பிரட்டுக்குச் சென்று, நிரை நிரையாக நூற்றுக்கணக்கான மரங்களைச் சுற்றிப் பால் வெட்டும் கால்கள் நம்முடையவை. அந்த நடையே நம் கால்களுக்குக் காவலாகவும் விளங்குகிறது.

இதயம் அனுப்பும் இரத்தம் பாதம் வரை எளிதில் இறங்கிவிடுகிறது. அது மீண்டும் மேலே ஏறுவதற்குத் துணை செய்வது கெண்டைக்கால் தசையாகும். நாம் அடியெடுத்து வைக்குந்தோறும் அத்தசை சுருங்கி, ஆழத்தில் உள்ள இரத்தக் குழாய்களை அழுத்தி, இரத்தத்தை மேலே தள்ளுகிறது. நடை நின்றுவிட்டால் ஓட்டம் மந்தமாகிறது. சில வேளைகளில் இரத்தம் அங்கேயே உறைந்துவிடுகிறது. மங்கில் தேங்கிய பால் கட்டியாவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். காரணம் வேறாயினும், தோற்றம் ஏறக்குறைய அத்தகையதே.

இக்கட்டி எப்போதும் காலிலேயே நின்றுவிடுவதில்லை. அது பெயர்ந்து சென்று நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து நேரிடும். ஜெர்மானிய மருத்துவர் ருடால்ப் விர்ச்சோ 19ஆம் நூற்றாண்டிலேயே இதனை விளக்கியுள்ளார்.

எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருப்பவர்கள், அறுவைச் சிகிச்சைக்குப் பின் படுத்திருப்பவர்கள், புற்றுநோய் கண்டவர்கள், கருவுற்ற தாய்மார்கள், பிள்ளை பெற்று 6 வாரங்கள் நிறையாத தாய்மார்கள் ஆகியோர் சிறப்பாக விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

ஒரு கால் மட்டும் வீங்குதல், கெண்டைக்காலில் வலி, அவ்விடம் சூடாகிச் சிவத்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். இங்கேதான் நாம் ஒரு வழக்கத்தைக் கைவிட வேண்டியிருக்கிறது. சுளுக்கு என்று எண்ணி, எண்ணெய் தேய்த்துக் காலை உருவிவிடுகிறோம். அன்பினால் செய்யும் அச்செயலே கட்டியைப் பெயர்த்துவிடக்கூடும். ஆகவே, தேய்க்காதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். எல்லா வீக்கமும் இந்நோயன்று. ஸ்கேன் செய்து பார்த்து மருத்துவர் கூறுவார். திடீரென மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, இருமலில் இரத்தம் ஆகியவை தோன்றினால் உடனே 999ஐ அழையுங்கள்.

வருமுன் காப்பதும் அரிதன்று. பிள்ளை பெற்ற தாயை நாட்கணக்கில் படுக்கையிலேயே கிடத்தாமல், மருத்துவர் அனுமதித்தவுடன் மெல்ல நடக்கச் செய்யுங்கள். இரத்தம் உறையாதிருக்க ஊசி கொடுத்து அனுப்பியிருந்தால், சொன்ன நாள் வரை தவறாமல் போட்டுக்கொள்ளச் செய்யுங்கள். நெடுந்தூரப் பேருந்துப் பயணத்தில் பாதங்களை மேலும் கீழும் அசையுங்கள், வண்டி நிற்குமிடத்தில் இறங்கிச் சிறிது நடங்கள், தண்ணீர் பருகுங்கள்.

நோய் கண்டவர்கள் பெரும்பாலும் 3 மாதமேனும் மருந்து உட்கொள்ள நேரும். வீக்கம் வடிந்ததென்று இடையில் நிறுத்தலாகாது. மருத்துவரைக் கேளாமல் நாட்டு மருந்தையும் அதனுடன் சேர்த்து உண்ணலாகாது.

உழைக்கும் கால்களைப் போற்றுவோம். இச்செய்தியை அண்டை வீட்டாருக்கும் எடுத்துச் சொல்வோம்.