பாலத்தின்மேல் ஒரு வாத்தியக்காரர்



நியூயோர்க் நகரில் மன்ஹற்றன் தீவையும் புரூக்ளினையும் இணைக்கும் பாலங்களுள் வில்லியம்ஸ்பேர்க் பாலமும் ஒன்று. 1903ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. புரூக்ளின் பாலத்துக்குரிய அழகும் புகழும் இதற்கு இல்லை. இரும்புச் சட்டங்களாலான முரட்டுப் பாலம். அதன்மீது புகைவண்டிகளும் மோட்டார் வண்டிகளும் ஓயாது ஓடுகின்றன. அவற்றுக்கு மேலாக மனிதர் நடந்து செல்ல ஒரு பாதை உண்டு. கீழே ஆறு. 1961ஆம் ஆண்டு அந்த நடைபாதை வழியே தற்செயலாகச் சென்ற றால்ஃப் பேர்ட்டன் என்னும் இசை எழுத்தாளரின் காதில், இத்தனை இரைச்சலையும் ஊடறுத்துக்கொண்டு ஒரு சக்சபோனின் ஓசை விழுந்தது. ஊதிக்கொண்டிருந்தவர் சொனி றொலின்ஸ். இரண்டு ஆண்டுகளாக எந்த மேடையிலும் காணப்படாதவர்.

சக்சபோன் நமக்கு முற்றிலும் அந்நியமான கருவியன்று. கத்ரி கோபால்நாத் அதனிற் கருநாடக இசையை வாசித்ததைக் கேட்டவர்கள் நம்மிடையே பலர். நாதசுரத்துக்குச் சீவாளி எப்படியோ, அப்படியே இதற்கும் நாணலிற் செய்த ஒரு சிறு தகடுதான் உயிர். நாதசுரத்தைப் போலவே அடக்கி வாசிக்க எளிதில் இடங்கொடாத கருவியுமாகும். இந்தக் குணம் நமது கதைக்கு வேண்டியது.

றொலின்ஸ் 1930ஆம் ஆண்டு நியூயோர்க்கின் ஹார்லம் பகுதியிற் பிறந்தவர். பெற்றோர் கரிபியன் கடலிலுள்ள வேர்ஜின் தீவுகளைச் சேர்ந்தவர்கள். தெலோனியஸ் மங்க், மைல்ஸ் டேவிஸ், மக்ஸ் றோச் முதலிய ஜாஸ் மேதைகளோடு இளவயதிலேயே ஒன்றாக அமர்ந்து வாசித்தவர். 1956இல் பதிவான அவருடைய இசைத்தட்டுக்குச் 'சக்சபோன் கொலோசஸ்', அதாவது சக்சபோனின் பேருருவம், என்றே பெயர். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து.

இத்தகைய ஒருவர் 1959ஆம் ஆண்டுக் கோடையில் மேடையைவிட்டு இறங்கிவிட்டார். தமது புகழுக்குத் தமது வாசிப்பு ஈடாகவில்லை என்பதே அவர் சொன்ன காரணம். ஓர்னெற் கோல்மன் என்ற புதியவர் வந்து ஜாஸ் உலகையே கலக்கியதைக் கண்டு றொலின்ஸ் அஞ்சி ஒதுங்கினார் என்று கூறுவாரும் உண்டு. இதை நான் ஏற்பதற்கில்லை. கோல்மன் நியூயோர்க்கில் வாசிக்கத் தொடங்கியது அவ்வாண்டு நவம்பரில். றொலின்ஸ் அதற்கு முன்னரே விலகிவிட்டார். கைதட்டல் உச்சத்தில் இருக்கும்போது ஒருவர் தம் குறையைத் தாமே கண்டு விலகுவார் என்பதை உலகம் எளிதில் நம்புவதில்லை; யாருக்கோ பயந்தார் என்பதையே நம்புகிறது.

விலகினாரேயன்றி, வாசிப்பதை அவர் நிறுத்தவில்லை. அவர் குடியிருந்தது கிறாண்ட் வீதியில் ஒரு மாடி வீடு. பக்கத்து வீட்டிலே பிள்ளைத்தாய்ச்சியான ஒரு பெண் இருந்தார். அவருக்குத் தொல்லை கொடுக்க றொலின்ஸுக்கு மனமில்லை. ஒருநாள் நடந்து போகையில் பாலத்தின் படிக்கட்டு கண்ணிற்பட்டது. ஏறிப் பார்த்தார். எவ்வளவு பலமாக ஊதினாலும் முறையிடுவார் இல்லை. அன்றிலிருந்து பாலமே அவருடைய சாதக அறையாயிற்று. பகலென்றும் இரவென்றும் பாராமல், குளிர்காலத்திலுங்கூட, சில நாட்களிற் பதினைந்து பதினாறு மணிநேரம் அங்கே வாசித்தார். கீழே செல்லும் கப்பல் ஊதினால், அந்தச் சுருதிக்கு இவர் சக்சபோனில் மறுமொழி சொல்வார். நம் நாதசுர வித்துவான்கள் அசுர சாதகம் என்பார்களே, அது இதுதான். இந்தக் காலத்தில் வருவாயும் இல்லை. பின்னாளில் அவர் மணந்துகொண்ட லூசில் என்னும் பெண்மணி அலுவலகத்தில் வேலை செய்து வீட்டைத் தாங்கினார். பாலக்கதை சொல்லும் பலர் இந்த அம்மையாரை மறந்துவிடுகிறார்கள்.

இனிப் பேர்ட்டனிடம் வருவோம். அவர் சாதாரண நிருபர் அல்லர். 1940களின் தொடக்கத்திலேயே நியூயோர்க் நகர வானொலியில் ஜாஸ் நிகழ்ச்சி நடத்தியவர். அவருடைய அண்ணன் விக் பேர்ட்டன் பெயர்பெற்ற முரசுக் கலைஞர். வாத்தியக்காரரின் வாழ்வை வீட்டுக்குள்ளிருந்தே கண்டவர். 'றொலின்ஸ் எங்கே?' என்று ரசிகர் கேட்டுக்கொண்டிருந்த அந்நாளில், விடை அவர் காலடியிலே கிடந்தது. பத்திரிகைத் தொழிலில் உள்ளவனுக்கு அத்தகைய கணம் வாழ்நாளில் ஒருமுறை வாய்த்தால் பெரிது.

அவர் எழுதினார். 'மெற்றோனோம்' என்ற இசைச் சஞ்சிகையின் 1961 யூலை இதழில் அது வெளிவந்தது. ஆனால் செய்தியாக அன்று, கதைபோல எழுதினார். வாத்தியக்காரருக்குப் 'பஸ்ரர் ஜோன்ஸ்' என்று கற்பனைப் பெயரிட்டார். இடத்தையும் மாற்றிப் புரூக்ளின் பாலம் என்றார். அதை நம்பி அங்கே தேடிப்போனவர் எவரேனும் இருந்தால், வெறுங்காற்றைத்தான் கேட்டிருப்பார்.

இது சரியா? எழுதாமலே விட்டிருக்கலாமே என்று கேட்கலாம். மறைந்திருக்க விரும்பும் ஒருவரைப் பற்றி, எந்தப் பெயரிலாயினும், அச்சில் ஏற்றுவது அவருடைய தனிமையை அசைப்பதுதான். விஷயமறிந்தோர் பஸ்ரர் ஜோன்ஸ் யாரென்று ஊகித்துவிட்டார்கள். பாலத்தின் கதை வெகுவிரைவில் ஊரறிந்ததாயிற்று. ஆகவே பேர்ட்டனின் திரை மெல்லியதே. எனினும் அந்தத் திரையைப் போட எவரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. உண்மைப் பெயரையும் உண்மை இடத்தையும் போட்டிருந்தால் அவருக்கே பெயர் கிடைத்திருக்கும். மறுநாளே படம் பிடிப்போர் கூட்டம் பாலத்தில் ஏறியிருக்கும். எழுதாமல் இருக்கவும் முடியவில்லை, காட்டிக்கொடுக்கவும் மனமில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே அவர் கண்ட வழியை நான் குறை சொல்ல மாட்டேன்.

1961 நவம்பரில் றொலின்ஸ் 'ஜாஸ் கலரி' என்னும் மண்டபத்தில் மீண்டும் மேடையேறினார். அடுத்த ஆண்டு 'த பிறிட்ஜ்', பாலம், என்ற பெயரிலேயே ஆர்.சி.ஏ. விக்ரர் நிறுவனம் அவருடைய இசைத்தட்டை வெளியிட்டது. பியானோ இல்லை, அதற்குப் பதிலாக ஜிம் ஹோலின் கிற்றார். இரண்டாண்டு மறைந்திருந்தவர் உலகத்தையே புரட்டிப்போடும் இசையுடன் திரும்புவார் என்று காத்திருந்த விமர்சகர் சிலருக்கு ஏமாற்றம். பழைய றொலின்ஸ்தானே என்றார்கள். ஆறுதலாகக் கேட்டால் வேறுபாடு புலனாகும். ஓசையிலே ஒரு நிதானம், அவசரமில்லாத உறுதி. தலைப்பு உருப்படியில் காலப்பிரமாணம் மாறி மாறி ஓடும்போது, அடியிலே புகைவண்டி போகும் பாலத்தில் நிற்பது போலவே இருக்கிறது.

1960களின் பிற்பகுதியில் அவர் மறுபடியும் ஒதுங்கினார். அம்முறை பம்பாயை அடுத்த பவாயில் ஓர் ஆசிரமத்திலே சில காலம் தங்கினார். முதுமையில், மூச்சு இடங்கொடாமையால் வாசிப்பதையே விட்டுவிட்ட பின்னர், பாலத்து நாட்களைப் பற்றி அவரிடம் கேட்டார்கள். விட்டிருந்தால் வாழ்நாள் முழுவதையும் அந்தப் பாலத்திலேயே கழித்திருப்பேன் என்ற கருத்துப்பட அவர் பதில் சொன்னார்.