சமயமும் விஞ்ஞானமும்: கேரளக் கணிதர் காட்டும் வழி

சில நாகரிகங்களில் விஞ்ஞானம் செழித்து வளர்ந்ததும், வேறு சிலவற்றில் ஓரளவு வளர்ந்து பின் வாடியதும் எதனால் என்னும் வினா நெடுநாளாகக் கேட்கப்பட்டு வருகிறது. இதற்கு இரண்டு விடைகள் எளிதில் கிடைக்கின்றன. சமயப் பற்றே விஞ்ஞானத்திற்குப் பகை என்பர் சிலர். எல்லா விஞ்ஞானமும் நம் முன்னோர் நூல்களில் முன்னரே அடங்கியுள்ளது என்பர் வேறு சிலர். இவ்விரண்டும் ஆராய்ச்சியின் தொல்லையிலிருந்து நம்மை விடுவிக்கும் விடைகளேயன்றி உண்மையை உணர்த்தும் விடைகள் அல்ல. திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு இவ்வினாவை ஆராய நாம் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. கேரள மண்ணிலேயே அதற்குச் சிறந்த சான்று உண்டு.

முதலில் ஒன்றைக் கருத வேண்டும். வான நூலை வளர்த்தவற்றுள் சமயத் தேவையும் ஒன்று. வேள்விக்கும் கோயில் விழாவுக்கும் திதியும் நட்சத்திரமும் தெரிந்தாக வேண்டும். இஸ்லாமியருக்குத் தொழுகை வேளையும் மக்காவின் திசையும் தெரிய வேண்டும். கிறிஸ்தவருக்கு உயிர்த்தெழுந்த திருநாளைக் கணிக்க வேண்டும். ஆகவே கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் வானத்தை அளப்பவரை ஆதரித்தன. டமாஸ்கஸ் நகரின் பெரிய பள்ளிவாசலில் நேரங்காட்டும் பணி புரிந்த இப்னு அல் ஷாத்திர், 14ஆம் நூற்றாண்டிலேயே சந்திரனின் இயக்கத்திற்கு ஓர் அமைப்பை வகுத்தார். பின்னர் கோப்பர்னிக்கஸ் வகுத்ததும் அதே அமைப்புத்தான். அந்தக் கோப்பர்னிக்கஸும் ஒரு தேவாலயத்தின் பணியாளராகவே வாழ்ந்தவர்.

நம் நாட்டில் இதே தேவை பாரதப்புழைக் கரையிலும் அதனை அடுத்த ஊர்களிலும் ஓர் அரிய ஆசிரிய மரபைத் தோற்றுவித்தது. அதன் முதல்வர் சங்கமக்கிராமத்து மாதவர். இவர் 14ஆம் நூற்றாண்டின் நடுவில் பிறந்தவர். வட்டத்தின் சுற்றளவை முடிவில்லாத ஒரு தொடர்வரிசையின் கூட்டுத்தொகையாகக் காணும் முறையை இவர் கண்டார். ஐரோப்பாவில் கிரிகோரியும் லைப்னிட்ஸும் இதே முறையை எட்டியது 1670களில் தான். விட்டம் 90,000 கோடியாயின் சுற்றளவு 2,82,743 கோடியே 33 லட்சத்து 88 ஆயிரத்து 233 என்பது மாதவர் கணக்கு. இது பதினொரு தசம இடங்கள் வரை சரியானது.

மாதவரின் மாணாக்கராகிய பரமேசுவரர் ஐம்பத்தைந்து ஆண்டுகள் கிரகணங்களையும் கோள்களின் நிலையையும் கண்ணால் நோக்கிப் பழைய கணக்கோடு ஒப்பிட்டார். வேறுபாடு தோன்றியபோது நூலில் இருப்பதே சரி என்று அவர் வாளா இருந்துவிடவில்லை. 1431இல் திருக்கணிதம் என்னும் புதிய முறையை வகுத்தார். அவருக்குப் பின் வந்த நீலகண்ட சோமயாஜி இன்னும் தெளிவாகப் பேசுகிறார். தெய்வத்தின் அருளால் பண்டைய ஆசிரியர் பெற்ற நூலை நாம் சோதிக்கலாமா என்று ஒருவர் கேட்பதாக அமைத்துக்கொண்டு, தெய்வ அருள் அறிவைத் தெளிவிக்கும் அளவோடு நிற்பது என்றும், பிரம்மாவோ சூரியனோ நேரில் வந்து கணிதம் கற்பிப்பதில்லை என்றும் தம் ஜோதிர்மீமாம்சையில் அவர் விடையிறுக்கிறார். இதைக் கூறியவர் சமயத்தைத் துறந்தவர் அல்லர்; சோமயாகம் செய்து சோமயாஜி எனப் பெயர் பெற்ற வைதிகர். வேள்வித் தீயின் முன் அமர்ந்தவரே விண்மீனைக் கண்டு நூலைத் திருத்தலாம் என்றார். சமயப் பற்றும் ஆராய்ச்சியும் ஒரே நெஞ்சில் தங்கக்கூடும் என்பதற்கு வேறு சான்று எதற்கு?

காரணம் கூறாத விதியை இம்மரபினர் முழு அறிவாகக் கொள்ளவில்லை. 1530ஐ ஒட்டி ஜேஷ்டதேவர் யுக்திபாஷை என்னும் நூலை மலையாள மொழியில் உரைநடையாக எழுதினார். ஒவ்வொரு விதியும் ஏன் உண்மை என்பதைப் படிப்படியாக விளக்குவதே அந்நூலின் நோக்கம். நீலகண்டரின் புகழ் மலைகளைக் கடந்து தமிழகத்திற்கும் எட்டியது. சுந்தரராஜர் என்னும் தமிழ்நாட்டுக் கணிதர் தம் ஐயங்களை அவரிடம் எழுப்பி விடை பெற்றார்.

இத்துணைச் சிறந்த மரபு பின்னர் ஏன் தளர்ந்தது? சமயம் அதனை அழிக்கவில்லை. பஞ்சாங்கத்திற்கு வேண்டிய அளவு நுட்பம் கிடைத்தபின், அதற்கு அப்பால் செல்லுமாறு தூண்டும் தேவை குறைந்தது. போர்களும் ஆட்சி மாற்றங்களும் ஆதரவைக் குலைத்தன. இவற்றினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. அவ்வறிவு சில இல்லங்களுக்குள்ளேயே தங்கியது. அச்சுதப் பிஷாரடி, சங்கர வாரியர் போன்றோர் நம்பூதிரி அல்லாதவராயினும் கோயிற்பணிக் குலத்தவரே. உழவனும் தச்சனும் மீனவனும் அதன் வாயிற்படியை மிதித்ததில்லை. யுக்திபாஷை மக்கள் மொழியில் எழுதப்பட்டும் ஓலைச்சுவடியாகவே சில வீடுகளில் உறங்கியது. ஆங்கிலேய அதிகாரி சார்லஸ் விஷ் எழுதிய கட்டுரை 1834இல் வெளியான பிறகும் உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. 1940களில் சி. டி. ராஜகோபால் முதலியோர் எழுதிய பின்னரே கணித உலகம் விழித்துக்கொண்டது.

ஏனைய நாடுகளும் இதையே சொல்கின்றன. இஸ்தான்புல் நகரில் தகியுத்தீன் அமைத்த வானிலையம் 1580இல் இடித்துத் தள்ளப்பட்டது. டென்மார்க்கில் டைக்கோ பிராஹி அமைத்த வானிலையமும், அரசரின் ஆதரவை இழந்து அவர் 1597இல் நீங்கியபின் பாழாயிற்று. கதி ஒன்றே, விளைவு வேறு. டைக்கோவின் குறிப்புகள் கெப்ளரின் கைக்குச் சென்றன. 1609இல் அவற்றினின்று புதிய விதிகள் அச்சேறின. 1633இல் கலிலியோவை ரோமாபுரி தண்டித்தது. ஆயினும் அவருடைய அடுத்த நூல் 1638இல் ஹாலந்தின் லைடன் நகரில் அச்சாயிற்று. ஓர் ஊரில் அடைக்கப்பட்ட வாய் மற்றோர் ஊரில் பேசிற்று. அச்சகமும் பல்கலைக்கழகமும் கற்றோர் சங்கமும் இருந்த இடத்தில், ஒருவர் வீழ்ந்தாலும் அறிவு வீழவில்லை.

காரணத்தை மறந்து விதியை மட்டும் காத்தால் என்ன நேரும் என்பதற்கும் சான்று உண்டு. 1825ஐ ஒட்டிப் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர், சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்ததை வாரன் என்னும் அதிகாரி பதிவு செய்தார். கிரகணத்தின் தொடக்கத்தில் பிழை நான்கு நிமிடமே. முடிவிலோ ஐம்பத்திரண்டு நிமிடம். அக்கணிதரின் நினைவாற்றல் வணங்கத்தக்கது. ஆயினும் அம்முறையின் காரணம் அவருக்குத் தெரியாது. காரணம் தெரியாதவர் பிழையைக் காணலாம், திருத்த முடியாது.

இது பழங்கதை அன்று. தமிழர் இல்லங்களில் இன்றும் வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் தனித்தனியே வழங்குகின்றன. 2023இல் சனிப் பெயர்ச்சி ஒன்றில் ஜனவரியிலும் மற்றொன்றில் டிசம்பரிலும் குறிக்கப்பட்டது. சனிக் கோள் வானில் ஒன்றுதான். முன்னோரைப் போற்றுவதாகக் கருதிப் பழைய வாக்கியத்தை மாற்றாது காப்போர், அவ்வாக்கியங்களையே திருத்தி நுட்பமாக்கிய மாதவரும் நம் முன்னோரே என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று.

திருவனந்தபுரம் இப்பாடத்தை இருமுறை கண்டது. சுவாதித் திருநாள் மகாராஜா 1837இல் இங்கு வானிலையம் நிறுவினார். 1852இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் ப்ரௌன், ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட அகத்தியர் மலையிலும் நிலையம் அமைத்துப் பூமியின் காந்தத் தன்மையை ஆராய்ந்தார். 1865இல் அவர் நீங்கியதும் அப்பணியின் ஊக்கம் தளர்ந்தது. ஒருவரை மட்டும் நம்பிய அறிவு அவரோடு போயிற்று. பின்னர், 1963 நவம்பர் 21ஆம் நாள், நகரை அடுத்த தும்பாக் கடற்கரையிலிருந்து ஒரு ராக்கெட் விண்ணில் எழுந்தது. காந்த நடுக்கோடு அருகே செல்வதால் தேர்ந்தெடுக்கப்பட்ட அவ்விடத்தில், மீனவ மக்களின் மகதலா மரியாள் தேவாலயமே விஞ்ஞானிகளின் முதல் பணியிடமாயிற்று. வழிபட்ட மக்களே அதை விட்டுக்கொடுத்தார்கள். அன்று தொடங்கிய பணி ஒருவரோடு முடியாமல் வளர்ந்ததற்குக் காரணம், அது பல நிலையங்களாகவும் பல்லாயிரவர் பயிற்சியாகவும் பரவியதே.

ஆகவே, ஒரு சமூகத்தில் விஞ்ஞானம் தழைக்குமா என்று அறிய அதன் சமயம் யாது என்று கேட்பது போதாது. கண்டதைக் கொண்டு நூலைத் திருத்த அங்கு இடமுண்டா? காரணம் கேட்கும் மாணாக்கனுக்கு மதிப்புண்டா? கற்றது எல்லார் கைக்கும் எட்டுகிறதா? இம்மூன்றையுமே கேட்க வேண்டும். நீலகண்டருக்கு முதலிரண்டும் இருந்தன, மூன்றாவது இல்லை. அந்த மூன்றாவதை நிறைவேற்றும் வாய்ப்பு நம் தலைமுறைக்குக் கிடைத்திருக்கிறது. அதைச் செய்வதே அம்முன்னோருக்கு நாம் செலுத்தக்கூடிய உண்மையான மரியாதை.