வாடுகிற பூச்செடி சொல்லும் சேதி

(திருகோணமலையில் தோட்டக் குடும்பங்களுக்கு ஆற்றிய உரை)



கோணேஸ்வரரைக் கும்பிட்டுத் திரும்பும்போது செவ்வரத்தைக் கொப்பு ஒன்றை லயத்துக்குக் கொண்டுபோக நமக்கு ஆசைதான். அதற்கு முன் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சுபோல் ஒட்டியிருந்து, தண்டில் எறும்பும் ஊர்ந்தால் அது மாவுப்பூச்சி. அந்தக் கொப்பு வேண்டாம். 2008இல் இலங்கையில் தென்பட்ட பப்பாசி மாவுப்பூச்சி செவ்வரத்தையையும் பிடித்தது. அதன் உடலில் முட்டையிட்டுக் கொல்லும் சிறு குளவியை 2009இல் கொண்டுவந்து விட்ட பிறகே தணிந்தது.

வாடிய செடிக்கெல்லாம் தண்ணீர் ஊற்றுவது வைத்தியமாகாது. மத்தியானம் தலை சாய்ந்து அந்தியில் நிமிர்ந்தால் வெயில் களைப்பு. மண் ஈரமாயிருந்தும் காலையிலேயே சாய்ந்திருந்தால் வேரைப் பாருங்கள். கறுத்து அழுகியிருந்தால் தண்ணீர் கூடிப்போச்சு என்று அர்த்தம். வேர் நல்லாயிருந்தால் அடித்தண்டை வெட்டி, கிளாசில் தெளிந்த தண்ணீரில் பிடியுங்கள். பால்போல நூல் இறங்கினால் பாக்டீரியா வாடல். தக்காளி, உருளைக்கிழங்குக்கும் அது தொற்றும். வேரோடு பிடுங்கி எரியுங்கள், உரக்குழியில் போடாதீர்கள்.

மாவுப்பூச்சிக்குச் சவர்க்காரத் தண்ணீர் தெளித்துக் கழுவுங்கள். தேயிலைக்கு அடித்த மருந்தின் மிச்சத்தைச் சோடாப் போத்தலில் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். சோடா என்று நினைத்துப் பிள்ளை குடித்துவிடும். பூச்செடி போனால் வேறு நடலாம். பிள்ளை போனால் என்ன செய்வோம்?